ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த துடுப்பு

என்னிடம் பதினொரு துடுப்புகள் இருக்கின்றன. படகு ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இதை முதலில் சொல்லிவிடுவார். "கடிவாளம் பதினொண்ணு, குதிரை சைபர்" என்பார். சொல்லட்டும். ஒரு வாயில் முப்பத்திரண்டு பல் இருக்கலாம், ஒரு வீட்டில் பதினொரு துடுப்பு இருக்கக் கூடாதா?

நான் பல் டாக்டர். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவள். புதன் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பக்கமிதவைப் படகு ஓட்டப் போவேன். நீளமான, ஒடுங்கிய படகு. ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். கவிழாமல் இருக்க இடது புறம் இரண்டு கம்புகளை நீட்டி ஒரு மிதவையைக் கட்டியிருப்பார்கள். படகு சங்கத்துடையது. துடுப்பு மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் துடுப்பைத் தேவைக்கு வாங்கினேன். முதல் துடுப்புக்கு ஓய்வு வேண்டுமே என்று இரண்டாவதை வாங்கினேன். மூன்றாவதற்குப் பிறகு காரணம் தேடுவதை விட்டுவிட்டேன். நல்ல துடுப்பு ஒரு செருப்பின் எடைகூட இருக்காது. தண்ணீருக்குள் போகும்போது சத்தமே கேட்காது. மோசமான துடுப்பு "களக்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகும். கையில் எடுத்தவுடன் நான் ஒற்றை விரலில் நிறுத்திப் பார்ப்பேன், நகத்தால் தட்டிப் பார்ப்பேன், மோந்துகூடப் பார்ப்பேன். கடைக்காரர்கள் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள். எனக்குக் கவலை இல்லை.

புதியதைவிட, அடுத்தவர் ஓட்டிப் பழகிய துடுப்புதான் எனக்குப் பிடிக்கும். ஒருவர் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாரா, வேலை நேரத்தில் பேனாவைக் கடிக்கிறாரா என்பதெல்லாம் அவர் வாயைத் திறந்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும். தேய்மானம் பொய் சொல்லாது. துடுப்பும் அப்படித்தான். பிடியில் உள்ளங்கை பட்ட இடம் பள்ளமாக இருந்தால் ஆள் பயந்தவர், இறுக்கிப் பிடிப்பவர். நுனி சிதைந்திருந்தால் சோம்பேறி; கரையிலிருந்து படகைத் தள்ளவே துடுப்பை ஊன்றியிருக்கிறார்.

வீட்டில் இடம் தர மாட்டேன் என்று கணவர் சொல்லிவிட்டதால் துடுப்பெல்லாம் என் கிளினிக்கில், எக்ஸ்ரே அறைச் சுவரில் மாட்டியிருக்கின்றன. ஒருமுறை ஒரு பெரியவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "கடைவாய்ப் பல்லுக்கு இதுதானா டாக்டர்?" என்று கேட்டு வெளிறிப்போனார்.

பன்னிரண்டாவது ஒரு புதன்கிழமை வந்தது. படகுக் கொட்டகையில் ஒரு மேசை உண்டு. வேண்டாத சாமான்களை உறுப்பினர்கள் அதில் வைத்துவிட்டுப் போவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கிழிந்த கையுறைகளுக்கு நடுவில் அது கிடந்தது. மெல்லிய மரக் கீற்றுகளை ஒட்டிச் செய்தது, தேன் நிறம், கழுத்தில் லேசான வளைவு. தண்ணீரைத் தள்ளும் பலகையின் ஓரத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. விரலில் நிறுத்தினேன். அசையாமல் நின்றது.

"யாரோடது?" என்று கொட்டகைக்காரரிடம் கேட்டேன். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற மனிதர். அன்று, "யாரோ வெச்சுட்டுப் போனாங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையைக் கூட்டப் போய்விட்டார்.

கிளினிக் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அல்லது புரியவில்லை. தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் பாலிஷ் போய், மரம் வெளுத்து, தொட்டால் வழவழவென்று இருந்தது. மறுபக்கம் கடையிலிருந்து வந்த மாதிரி பளபளத்தது.

இது நடக்கவே முடியாத காரியம். படகில் யாரும் ஒரே பக்கம் துடுப்புப் போடுவதில்லை. பதினான்கு வீச்சுக்கு ஒருமுறை பின்னாலிருந்து "மாத்து!" என்று குரல் வரும், ஆறு பேரும் பக்கம் மாற வேண்டும். கழுத்து வளைந்த துடுப்புக்கு முன்புறம் பின்புறம் உண்டு. திருப்பிப் பிடிக்க முடியாது. அதனால் வலப்பக்கம் போடும்போது தண்டின் ஒரு பக்கம் படகின் விளிம்பில் உரசும், இடப்பக்கம் போடும்போது மறுபக்கம். எந்தத் துடுப்பை எடுத்தாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்கும். இதன் சொந்தக்காரரோ வலப்பக்கம் மட்டுமே ஓட்டியிருக்கிறார். அதுவும் நூறு இருநூறு வீச்சு இல்லை. லட்சக்கணக்கில்.

யார் அப்படிச் செய்வார்கள்? எதற்கு? கேள்வி மண்டையைக் குடைந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். "ஒரு கை இல்லாதவரா இருக்கும்" என்றார். ஒரு கையால் துடுப்பே போட முடியாது என்று விளக்கினேன். "அப்போ தனியா உக்காந்து யோசி, எனக்கு மோரை ஊத்து" என்றார்.

எங்கள் படகில் கடைசியில் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மாள். அவரிடம் போனில் கேட்டேன். "சொன்ன பேச்சைக் கேக்காத ஜென்மமா இருக்கும். எங்கிட்டயும் வருதுங்களே, லெஃப்ட்னா ரைட்ல திருப்பற கூட்டம்" என்றவர், பேச்சை மாற்றினார். "அதை விடுங்க. மூணாவது சீட்டுக்கு யாரு? ஞாயித்துக்கிழமைக்குள்ள லிஸ்ட் போகணும்."

அது வேறு தலைவலி. விரிகுடாவைக் கடக்கும் நீண்ட போட்டி ஏழு வாரத்தில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். மூன்றாவது இருக்கையில் இருந்த வங்கி மேனேஜருக்கு மாற்றலாகிவிட்டது. அணித் தலைவி நான். ஆறு பெயரையும் எழுதித் தர வேண்டியவள் நான்தான். நீச்சல் சொல்லித்தரும் ஒரு பெண் மூன்று மாதமாக எங்களோடு வருகிறாள். ஒரு குறையும் இல்லை. அவள் பெயரை எழுதிவிடலாம் என்றிருந்தேன்.

வியாழக்கிழமை காலை துடுப்பை வாண்டுவிடம் காட்டினேன். வாண்டு என் நாத்தனார். என் கிளினிக்கில் பத்து வருடமாக உதவியாளரும் அவள்தான். நாற்பத்திரண்டு வயதாகியும் குடும்பத்தில் அவளுக்கு வாண்டு என்பதே பேர். நோயாளிகள் முன்னால் என்னை "டாக்டர்" என்பாள், மற்ற நேரத்தில் "அண்ணி". அவளும் ஒரு வருடம் எங்களோடு படகு ஓட்டினாள், அதே மூன்றாவது இருக்கையில். போன போட்டிக்கு முன் முதுகு வலி என்று நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு நடைப்பயிற்சியோடு சரி.

"பாரேன் இந்த அதிசயத்தை" என்றேன். தேய்ந்த பக்கத்தைக் காட்டி, என் துப்பறியும் திறமையை எல்லாம் கொட்டினேன்.

அவள் கருவிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். "யாருன்னு கண்டுபிடிச்சுட்டீங்களா அண்ணி?"

"கண்டுபிடிக்காம விடுவேனா?"

"கண்டுபிடிங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் துடுப்பைச் சோதிக்கப் படகுத்துறைக்குப் போனேன். சங்கத்தில் ஒற்றை ஆள் படகு ஒன்று இருக்கிறது. காலால் மிதித்துச் சுக்கானைத் திருப்பலாம். இடது மிதி, வலது மிதி. உட்கார்ந்து காலை வைத்தால் வலது கால் வழுக்கியது. குனிந்து பார்த்தேன். இடது மிதியின் ரப்பரில் வரி வரியாகப் பள்ளம் அப்படியே இருந்தது. வலது மிதி வழுக்கைத் தலை.

வலப்பக்கமே துடுப்புப் போட்டால் படகின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். நேராகப் போக வேண்டுமானால் வலது மிதியை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியென்றால் என் ஆள் இந்தப் படகில்தான் தனியாக ஓட்டியிருக்கிறார். இதே தண்ணீரில், இதே கொட்டகையிலிருந்து!

கொட்டகைக்காரரை ஓரங்கட்டினேன். "இந்த வலது மிதியைத் தேய்ச்சது யாரு?"

"டாக்டரம்மா, நான் வாக்குக் குடுத்துட்டேன். பல்லைப் புடுங்கினாலும் சொல்ல மாட்டேன்."

"புடுங்கறது என் தொழில், ஞாபகம் இருக்கட்டும்."

அவர் சிரித்தார். வாய்ப்பூட்டு மட்டும் கழலவில்லை. பதினாலு மாசம், வாரத்தில் நான்கு நாள், எல்லாரும் வருவதற்கு முன்னால் என்று மட்டும் சொன்னார். "ஒரு நாள் தவறினதில்ல. மழையிலகூட. போன மாசம் ஒரு நாள் துடுப்பைப் பக்கம் மாத்திப் பார்த்தாங்க. கரைக்கு வந்து ரொம்ப நேரம் படகுலயே உக்காந்திருந்தாங்க. அவ்வளவுதான், அப்புறம் வரல."

மத்தியானம் கிளினிக்கில் ஒரு பல் அடைக்க வேண்டியிருந்தது. நோயாளி ஓய்வுபெற்ற நீதிபதி, எட்டு வருடமாக என்னிடம் வருபவர். அவர் வருவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. கை சும்மா இருக்காமல் துடுப்பின் கறுப்பு டேப்பைக் கத்தி நுனியால் உரித்தேன். அடியில் பலகை லேசாக உடைந்து, அந்த இடத்தை யாரோ அடைத்திருந்தார்கள். மரத்தூளோ கோந்தோ இல்லை. வெளிர் மஞ்சள், வழவழப்பு. விளக்கைக் கிட்டே இழுத்தேன்.

அது பல் அடைக்கும் பசை. ஏ-மூன்று ஷேட், டீ குடிக்கிறவர்களின் பல் நிறம். ஓரத்தைச் செதுக்கி, அமிலம் தடவி, அடுக்கடுக்காக வைத்து, நீல விளக்கில் காயவைத்து, மூன்று கட்டமாக மெருகேற்றியிருந்தது. அப்படி மெருகேற்ற நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்த வருடம் ஏ-மூன்று சீக்கிரம் தீருகிறது, அளவில் ஏமாற்றுகிறீர்கள் என்று சப்ளை செய்கிறவரை நான் இரண்டு முறை திட்டியிருக்கிறேன்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

நீதிபதி வந்து சாய்ந்துவிட்டார். வாண்டு உறிஞ்சுகுழலை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றாள். துடுப்பு மேசைமேல், டேப் இல்லாமல், அவள் கண்ணெதிரே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் ஊசி போட்டேன். மரத்துப்போகும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

"ஏன் வாண்டு? வலப்பக்கம் மட்டும் ஏன்?"

"அப்புறம் பேசலாம் டாக்டர்."

"இப்பவே சொல்லு. அவர் வாயைத் திறந்து வெச்சிருக்கார், யார்கிட்ட போய்ச் சொல்லப் போறார்?"

நீதிபதி "ஆ" என்றார். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

வாண்டு குழலை அவர் வாயில் வைத்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை. "போன போட்டிக்கு ஆள் எடுத்த அன்னிக்கு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா அண்ணி? எல்லாரும் கரையில நின்னுட்டிருந்தோம். 'வலப்பக்கம் வந்தா வாண்டு துடுப்புப் போடல, அடுப்புல சட்டியைக் கிண்டறா'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. அவள் இரண்டு வருடம் சுமந்த ஒரு வாக்கியம், எனக்கு அன்றைக்கே மறந்துபோயிருக்கிறது. ஆனால் சொல்லியிருப்பேன். அது என் வாய்தான்.

"முதுகு வலின்னியே."

"வேற என்ன சொல்றது?" என்றாள். "கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். அப்புறம் மனசு கேக்கல. அடுத்த போட்டிக்குள்ள வலப்பக்கத்தைச் சரி பண்ணிட்டு வந்து நிக்கணும்னு வைராக்கியம். நடைப்பயிற்சின்னு சொல்லிட்டு அங்க போயிடுவேன். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் வீச்சு. வலப்பக்கம் மட்டும்."

"இப்ப எப்படி வருது?"

"வலப்பக்கம் நல்லா வருது அண்ணி. நிஜமாவே நல்லா வருது." குழலை மறுபக்கம் மாற்றினாள். "போன மாசம் இடப்பக்கம் மாத்தினேன். கை மறந்துபோச்சு. தோள் திரும்பல, மூச்சு சேரல. அதான் கொண்டுபோய் மேசையில வெச்சுட்டேன்."

"என் கண்ணுல பட்டா நான் எடுத்துடுவேன்னு தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சுதான் வெச்சேன். நீங்க மனுஷங்க முகத்தைப் பார்க்க மாட்டீங்க, துடுப்பைன்னா விடாம பார்ப்பீங்க."

நான் பல்லைக் குடைந்து, சுத்தம் செய்து, அடைத்தேன். கை தானாக வேலை செய்தது. நீல விளக்கை அவள்தான் பிடித்தாள்.

"இடப்பக்கத்தை ஏன் விட்டே வாண்டு?" என்றேன் கடைசியில். "அதையும் சேர்த்து ஓட்டியிருக்கலாமே."

"அதைப் பத்தி நீங்க எதுவும் சொல்லலையே. சொல்றதுக்கு அதுல ஒண்ணும் இல்ல போலன்னு நினைச்சேன்."

அதிலா ஒன்றும் இல்லை? அவளுடைய இடப்பக்க வீச்சு மாதிரி அந்தப் படகில் யாருக்கும் இல்லை, என்னையும் சேர்த்து. நான் முதல் இருக்கை, அவள் மூன்றாவது; இருவரும் எப்போதும் ஒரே பக்கம். இடப்பக்கம் மாறியவுடன் எனக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு துடுப்பு இறங்கும், படகு முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். "மாத்து" குரலுக்காக நான் ஆசையோடு காத்திருந்த நாட்கள் உண்டு. இதைக் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். டிரைவிங் ஸ்கூல் அம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொன்னது சட்டியைக் கிண்டுகிறாய் என்பதை மட்டும்.

இதையெல்லாம் அங்கேயே, நீதிபதியின் வாய்க்கு மேலேயே அவளிடம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அழுதுகொண்டுதான் கேட்டேன்.

அவள் உறிஞ்சுகுழலை நிறுத்தி மாட்டினாள். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள்.

நீதிபதி எழுந்து உட்கார்ந்து வாய் கொப்பளித்தார். மரத்த உதட்டோடு, "தீர்ப்பு சொல்ற வேலையை நான் விட்டாச்சு" என்றார். "ஆனா டாக்டர், எட்டு வருஷமா வர்றேன். கெட்டுப்போன பல்லைத் தவிர வேற எதைப் பத்தியும் நீங்க எங்கிட்ட பேசினதே இல்ல."

அன்று சாயங்காலமே மூன்றாவது இருக்கை உனக்குத்தான் என்று வாண்டுவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாவம் பார்த்து ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கிழமை வர்றேன். ஓட்டறதைப் பார்த்துட்டு எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை அதே துடுப்போடு வந்தாள். வலப்பக்கம் தொடங்கினோம். எனக்குப் பின்னால் இறங்கிய வீச்சைக் கேட்டு எனக்கே நம்ப முடியவில்லை, சத்தமே இல்லை. பதினான்கு எண்ணி, "மாத்து!" என்று குரல் வந்தது. பக்கம் மாறினோம். களக். மறுபடியும் களக். என் முதுகில் தண்ணீர் தெறித்தது. மூன்றாவது வீச்சில் அவள் துடுப்பு படகின் விளிம்பில் இடித்தது. ஒரு மணி நேரம் முயன்றோம். கரைக்கு வந்ததும் டிரைவிங் ஸ்கூல் அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் படகைத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவை வெறித்தேன்.

"நீச்சல்காரிதான் அண்ணி. எழுதுங்க" என்றாள் வாண்டு. நான் எழுதவில்லை. அவளே பேனாவை வாங்கி, மூன்றாவது வரியில் அந்தப் பெண்ணின் பெயரைத் தெளிவாக எழுதி, கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினாள். போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான பேனாவை நான் பிடித்ததில்லை.

பன்னிரண்டாவது துடுப்பு இப்போது எக்ஸ்ரே அறையில் இல்லை. அது அவளிடம் இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் அவள் இடப்பக்கம் ஓட்டுகிறாள். நான் துறையில் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல வீச்சு வந்தால் நல்லா வந்தது என்று கத்துவது மட்டும்தான் என் வேலை. பழக்கமில்லாத வேலை, முதல் வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. தண்டின் மறுபக்கத்தில் பளபளப்பு கொஞ்சம் மங்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த போட்டிக்கு இன்னும் இரண்டு வருடம்.

போன வாரம் நீதிபதி மறுபடி வந்தார். பார்த்தேன். "கீழ் வரிசையில வலது பக்கம் ஒண்ணு சொத்தை. அடைச்சுடலாம்" என்று சொல்லிவிட்டுத் துளைகருவியைக் கையில் எடுத்தேன். உறிஞ்சுகுழலின் சத்தம் வரவில்லை. நிமிர்ந்தால், வாண்டு குழலைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவிட்சைப் போடாமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மத்த இருபத்தஞ்சும் ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றேன்.

சுவிட்சைப் போட்டாள்.